கேட் மூடியிருக்கும் நேரம்

இரட்டைக் குழல். லைசென்ஸில் என் பெயர்.
அதைத் தோளில் மாட்டி வங்கி வாசலில் நிற்பதற்குத்தான் சம்பளம்.
மர பீரோவெல்லாம் பூட்டாய்யா, என்றார் புது இன்ஸ்பெக்டர்.
ஒரு நாள் லீவு போட்டு
மண்ணடிக்கு இரும்புப்பெட்டி பார்க்கப் போனோம்,
நானும் தயாவதியும்,
கொடுங்கையூரில் பட்டறை வைத்திருக்கும் டில்லிபாபுவும்.

கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார் நைனா முகமது.
சிவப்பில் ஒரு தீநாக்கு, பக்கத்தில் அறுபது.
'ஒரு மணி நேரம் நெருப்பு தாங்கும் சார்.'

எந்த நெருப்பு?
பால் பொங்குகிற நெருப்பா,
ஆயில் கிடங்கில் டிரம் வெடிக்கிற நெருப்பா?
எந்த உலைக்குள் வைத்துப் பார்த்தார்கள், எத்தனை டிகிரியில்?
தெர்மாமீட்டரை உள்ளே மேல்தட்டில் மாட்டினார்களா,
அடித்தட்டு மூலையில் மாட்டினார்களா?
சூடு மேலேதான் ஏறும்.
ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் இருப்பவனுக்கு
அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அவர் டீ சொல்லி அனுப்பினார்.

டில்லிபாபு விரல் மடக்கிக் கதவைத் தட்டினான்.
டங்.
'வெறும் தகடு. நம்ம டார்ச்சுக்கு அப்பளம்.'
அடுத்ததைத் தட்டினான்.
தப்.
'இதுக்குள்ள என்னமோ கீது.'

ஜிப்சம், என்றார் நைனா முகமது.
கதவில் மட்டுமா, முதுகிலும் உண்டா, அடியில்?
மூன்று பக்கம் செங்கல் வைத்து
நாலாவது பக்கம் பிளாஸ்டிக் ஷீட் கட்டிய வீட்டில்
நாங்களும் இருந்திருக்கிறோம்.

அந்த வெள்ளைப் பலகைக்குள் தண்ணீர் இருக்கிறதாம்,
கையில் ஒட்டாத தண்ணீர்.
சுடச்சுட அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம்.
விட்டு முடிகிற வரைதான் உள்ளே இருப்பதற்கு ஆயுசு.
'லாரித் தண்ணி கணக்கா,' என்றாள் தயாவதி.
அந்த ஆவி குழலில் துருவாக இறங்கும் என்பதை
நான் சொல்லவில்லை.

கதவின் விளிம்பில் ஒரு கறுப்பு நாடா.
சூடு பட்டால் ஊதிப் பெருத்து இடுக்கை அடைக்கும்.
நகத்தால் கிள்ளினேன்,
ஒரு மூலையில் பசை விட்டிருந்தது.
மாற்றித் தருகிறேன் என்றார்.

'காயிதம் எத்தினி டிகிரில கருவும்?'
அதுவரை விலைகூடக் கேட்காதவள் கேட்டாள்.
நான் துப்பாக்கிக்குப் பெட்டி பார்க்க வந்தேன்.
அவள் வேறொன்றுக்கு வந்திருக்கிறாள்.

குடிசைகள் எரிந்த வருஷம் பதினோரு மாதம் நடந்தோம்.
இங்கதான் இருந்தீங்கன்னு என்ன ஆதாரம்?
எரிஞ்சிபோச்சு சார்.
எரிஞ்சதுக்கு என்ன ஆதாரம்?
தயாவதி தன் முழங்கையைக் காட்டினாள்.
அதில் சீல் இல்லை.

அன்றைக்குத் தீயணைப்பு வண்டி
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
மணியடித்துக்கொண்டே இருந்தது.
நடுவில் கூட்ஸ் போனது, எல்லாம் எண்ணெய் டேங்கர்.
நாற்பத்தெட்டு என்று எண்ணியவர்கள் சொன்னார்கள்.
கேட் திறக்க இருபத்திரண்டு நிமிஷம்.
சந்துக்குள் குழாய் இழுத்து வர ஒன்பது.
நாங்கள் இன்னும் அதே கேட்டுக்கு இந்தப் பக்கம்தான்.

முப்பது என்று ஒட்டிய பெட்டி விலை பாதி.
ஒரு நிமிஷம் குறைந்தது.

'தப்' என்றதையே வாங்கினோம்.
இருநூற்று எண்பது கிலோ, ஆறு பேர்,
மாடிக்கு மாடி தனி ரேட்டு.
பாரம் தாங்க, தூண் ஓரமாக வைத்தோம்.

பதினேழாம் நாள் தேர்தல் அறிவித்தார்கள்.
துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு
ரசீதோடு வந்தேன்.
இப்போது பெட்டிக்குள் வீட்டு ஒதுக்கீட்டு ஆணை,
ரேஷன் அட்டை, இரண்டு ஜாதிச் சான்றிதழ்,
துப்பாக்கி இருந்ததற்கு ஒரு சீட்டு.
எல்லாம் அடித்தட்டில்.
குழல் நிற்க வேண்டிய உயரம் காலி.

ராத்திரி மணலிப் பக்கம் புகைபோக்கித் தீ
ஜன்னல் கம்பியில் ஆடுகிறது.
கேட் இறங்கும் மணி கேட்கிறது.
இருட்டில் எழுந்துபோய் விரல் மடக்கித் தட்டுகிறாள்.
தப்.
திரும்பி வந்து படுக்கிறாள்.
கூட்ஸ் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.